சின்ன இன்ஜினா பெரிய இன்ஜினா? நாகவாராவில் நிற்கணும், கொல்லிமலையும் ஏறணும்

வாசகர் கேள்வி: நாங்கள் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். வீட்டில் கார் ஓட்டுவது நான் மட்டும்தான். ஆபீஸ் மான்யதா டெக் பார்க்கில், போய்வர 22 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை நாமக்கல்லில் அம்மா வீடு, ஆடிப் பதினெட்டுக்குத் தவறாமல் கொல்லிமலை. இப்போது இருப்பது 2014 வேகன் ஆர், 1.0 லிட்டர் இன்ஜின். ஐந்து பேரும் பைகளும் ஏறினால் மலையில் ஏசியை அணைத்தால்தான் நகர்கிறது. இடது முட்டி வலிப்பதால் அடுத்தது ஆட்டோமேட்டிக் என்று முடிவு செய்துவிட்டேன். ஷோரூமில் மாருதி ஃபிராங்ஸ் பிடித்திருக்கிறது. 1.2 ஏஎம்டி ஒன்று, 1.0 டர்போ ஆட்டோமேட்டிக் ஒன்று. டர்போவுக்கு ஆன்ரோடு விலையில் இரண்டரை லட்சம் அதிகம். சின்ன இன்ஜினுக்கு எதற்கு அதிகப் பணம் என்று புரியவில்லை. நாமக்கல்லில் ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கும் என் தாய்மாமா, "மறுபடியும் 1.0 வாங்கி அவதிப்படாதே, டர்போ எல்லாம் செலவு வைக்கும், பிரெஸ்ஸா 1.5 எடு" என்கிறார். எதை எடுக்க? இன்னொன்று, டர்போ வண்டியை அணைப்பதற்கு முன் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

வணக்கம் மேடம். இந்தக் கேள்வியோடு லிங்கராஜபுரத்தில் இருக்கும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஆள் வராத வாரமே கிடையாது, ஆனால் எங்கே ஓட்டுகிறேன், எத்தனை பேர் ஏறுவார்கள், எந்த மலை என்பதையெல்லாம் உங்களைப் போலச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. பெரும்பாலும் "எது சார் நல்லது?" என்று மொட்டையாகத்தான் கேட்பார்கள். நீங்கள் விவரமாக எழுதியதால் நானும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்களைப் பயமுறுத்துகிற அந்த 1.0 என்ற எண்ணைப் பார்ப்போம். உங்கள் வேகன் ஆரின் இன்ஜின் 998 சிசி, அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவு. ஃபிராங்ஸ் டர்போவின் இன்ஜினும் அதே 998 சிசிதான், ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் உங்கள் பழைய வண்டி தருவது சுமார் 68 குதிரைத்திறன், 90 நியூட்டன் மீட்டர் இழுவை. டர்போ தருவது 100 குதிரைத்திறன், 148 நியூட்டன் மீட்டர். அளவு ஒன்று, வேலை வேறு. இன்ஜின் தானாக இழுத்துக்கொள்கிற காற்றோடு நிற்காமல், புகைப்போக்கி வழியாக வீணாகப் போகிற சூடான வாயுவை வைத்து ஒரு விசிறியைச் சுழற்றி, கூடுதல் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறார்கள், காற்று கூடினால் அதற்கேற்ற பெட்ரோலும் கூடும், அப்போது சின்ன சிலிண்டரிலிருந்தே பெரிய சிலிண்டரின் பலம் வரும். டர்போ என்பது இவ்வளவுதான். அந்த விசிறி, அதைச் சுற்றியிருக்கும் குழாய்கள், அழுத்தத்தைத் தாங்கும்படி பலப்படுத்திய உள்பாகங்கள் எல்லாவற்றுக்கும் காசு ஆகும். சின்ன இன்ஜின் விலை அதிகமாவது இதனால்தான், ஷோரூம்காரர் உங்களை ஏமாற்றவில்லை. அதோடு அந்த இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு கியர்பாக்ஸுக்கும், இன்னொரு பங்கு மேல் வேரியன்டில் வருகிற பொருட்களுக்கும் போகிறது. முழுவதையும் இன்ஜின் கணக்கில் எழுதாதீர்கள்.

இப்போது மாமா சொல்லும் 1.5 பக்கம் வருவோம். பிரெஸ்ஸாவின் இன்ஜின் 1462 சிசி, டர்போ கிடையாது. குதிரைத்திறன் 103. இழுவை 140 நியூட்டன் மீட்டருக்குச் சற்றுக் கீழே. அதாவது ஃபிராங்ஸ் டர்போவைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிய இன்ஜின், ஆனால் இழுவையில் ஒரு படி குறைவு. எண்ணைவிட முக்கியமான சங்கதி இன்னொன்று இருக்கிறது. அந்த இழுவை எப்போது கிடைக்கிறது? டர்போவில் 2000 ஆர்பிஎம்மிலேயே, அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு 2000 சுற்று சுற்றும்போதே, முழுதாக வந்துவிடும், 4500 வரை அப்படியே நிற்கும். டர்போ இல்லாத 1.2 ஆனாலும் 1.5 ஆனாலும் 4300, 4400 பக்கம் போனால்தான் உச்சத்தைத் தொடும். நாம் யாராவது சாதாரணமாக 4400-இல் ஓட்டுகிறோமா? இன்ஜின் கத்துகிறதே என்று காலை எடுத்துவிடுவோம். கொல்லிமலையில் உங்கள் வேகன் ஆர் திணறியதற்கும் இதுதான் காரணம். வளைவில் வேகம் போய்விடுகிறது, ஆர்பிஎம் விழுகிறது, பலம் இருக்கிற இடத்துக்கு முள் திரும்பி ஏறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. அங்கே ஒன்று இரண்டு இல்லை, 70 கொண்டையூசி வளைவுகள்.

மாமாவிடம் ஒன்று கேளுங்கள். அவர் வண்டி ஏன் அப்படி இழுக்கிறது? ஸ்விஃப்ட் டீசல் 1248 சிசி, குதிரைத்திறன் வெறும் 75. ஆனால் 2000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர். மூன்றாவது கியரில் போட்டுவிட்டால் மேட்டில் தானாக ஏறுகிறது என்று அவர் பெருமையாகச் சொல்லியிருப்பார், இல்லையா? அது டர்போ இன்ஜின் மேடம். இத்தனை வருஷமாக அவர் டர்போதான் ஓட்டுகிறார், பானெட் மேல் எழுதியில்லாததால் தெரியவில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது, இல்லையென்றால் உங்கள் ஓட்டத்துக்கு நானும் அதைக்கூட யோசித்திருப்பேன்.

அப்புறம், பெங்களூருக்காரர்கள் கணக்கில் எடுக்காத ஒரு விஷயம், உயரம். நம்ம ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று இளைத்துப் போகும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு இங்கேயே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலம் போய்விடும். பிரசுரத்தில் 90 குதிரை என்று போட்டிருந்தால் ஹெப்பால் மேம்பாலத்தில் ஏறும்போது உங்களிடம் இருப்பது 80 சொச்சம்தான். கொல்லிமலை உச்சியில், ஊட்டியில் எல்லாம் இன்னும் குறையும். டர்போ அந்த இளைத்த காற்றையும் அழுத்தித் தள்ளுவதால் இந்த இழப்பைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். சென்னையில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர் "1.2 போதுமே, எனக்கு நன்றாகத்தானே ஓடுகிறது" என்று சொன்னால் அவர் சொல்வதும் உண்மைதான், அவர் கடற்கரையில் ஓட்டுகிறார்.

நாமக்கல் போகிற வழியையும் நினைத்துப் பாருங்கள். போகும்போது ஒன்றும் தெரியாது, மொத்தமாகப் பார்த்தால் இறக்கம்தான். திரும்பி வரும்போதுதான் வேலை. சேலம் தாண்டி தொப்பூரில் ஒரு ஏற்றம், கிருஷ்ணகிரி விட்டதும் சூளகிரி, ஓசூர் என்று சாலை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வரும். ஞாயிறு சாயங்காலம், பின்னால் மாமியார், பிள்ளைகள், டிக்கியில் அம்மா கொடுத்த அரிசி மூட்டையும் தேங்காயும், முன்னால் இரண்டு லேனையும் அடைத்துக்கொண்டு இரண்டு லாரி. வலது பக்க லாரி ஒருவழியாக வழிவிட்டதும் 45-இலிருந்து 80-க்கு நீங்கள் சீக்கிரம் போயாக வேண்டும், ஏனென்றால் பின்னால் ஒரு ஆம்னி பஸ் விளக்கடித்துக்கொண்டு ஒட்டி நிற்கும். இந்த இடத்தில் 1.2-வின் 113 நியூட்டன் மீட்டருக்கும் டர்போவின் 148-க்கும் உள்ள வித்தியாசம் காலுக்குத் தெரியும். 100, 120-இல் பறப்பதற்காக யாரும் பெரிய பலம் வாங்க வேண்டாம், ஆனால் இந்த ஐந்தாறு வினாடிக்காக வாங்கலாம்.

இவ்வளவு சொன்னதும் டர்போவுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள், தினசரி ஓட்டத்துக்கு வருவோம். ராமமூர்த்தி நகரிலிருந்து ரிங் ரோட்டில் ஏறி ஹென்னூர், நாகவாரா வழியாக மான்யதா. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துச் சாலையைச் சுருக்கிவைத்திருக்கும் இடங்களில் முதல் கியர், இரண்டாவது கியர், நிற்பது, மறுபடி முதல் கியர், இவ்வளவுதான் பயணம். அங்கே 2000 ஆர்பிஎம் என்பதையே பார்க்க மாட்டீர்கள். டர்போ விசிறி சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருக்கும், அப்போது உங்களுக்குக் கிடைப்பது வெறும் 998 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின். மிதித்ததும் ஒரு கணம் யோசிக்கும், அப்புறம் திடீரென்று தள்ளும். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் லேசான அதிர்வும் தெரியும். ஃபிராங்ஸின் 1.2 நான்கு சிலிண்டர் இன்ஜின், நின்றாலும் நகர்ந்தாலும் வழுக்கிக்கொண்டு போகும், இந்த விஷயத்தில் அதற்குத்தான் என் ஓட்டு. (புதிய ஸ்விஃப்ட்டிலும் டிசையரிலும் 1.2-ஐயே மூன்று சிலிண்டராக மாற்றிவிட்டார்கள், மைலேஜுக்காக. அந்த நான்கு சிலிண்டரின் அமைதி எனக்குப் பிடிக்கும், எத்தனை நாள் விற்பார்களோ.)

அப்படியென்றால் தினசரிக்கு 1.2 தானே என்று கேட்பீர்கள். அங்கேதான் கியர்பாக்ஸ் குறுக்கே வருகிறது. உங்கள் விஷயத்தில் இன்ஜினைவிட இதுதான் பெரிய முடிவு என்பேன். 1.2-வில் வருவது ஏஎம்டி. அது சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் உங்களுக்குப் பதிலாக ஒரு மோட்டார் செய்கிறது. முட்டி தப்பித்தது, உண்மை. ஆனால் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் ஒரு சின்ன இடைவெளி, தலை லேசாக முன்னால் போய் வரும். மெதுவாக ஊரும்போது உள்ளே கிளட்ச் பாதி பிடித்த நிலையில் தேய்ந்துகொண்டிருக்கும். மேட்டில் பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் இருந்தால் கிளட்ச் சீக்கிரமே போய்விடும், இதே ரிங் ரோட்டில் ஓடி இப்படிக் கிளட்ச் தீய்ந்து வருகிற ஏஎம்டி வண்டிகளை நாங்கள் அடிக்கடி இறக்குகிறோம், வண்டி மேல் குற்றமில்லை, ஓட்டுகிற முறைதான். டர்போவோடு வருவது ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர். இதில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எண்ணெய் நிற்கிறது, தேய்வதற்கு அந்த மாதிரிக் கிளட்ச் தட்டு இல்லை, நகர்வதும் ஊர்வதும் மெத்தென்று இருக்கும். டர்போவின் ஆரம்பச் சோம்பலையும் இது பாதி மறைத்துவிடும். ஆக, நெரிசலில் நல்ல இன்ஜின் ஒரு வண்டியில் இருக்கிறது, நெரிசலில் நல்ல கியர்பாக்ஸ் இன்னொரு வண்டியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க அவர்களுக்கு மனசு வரவில்லை.

பணத்துக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது உங்களுக்குத் தெரியும். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருந்தால் 18 சதவீதம். இந்த இரண்டில் ஒன்று தாண்டினாலும் 40. ஃபிராங்ஸ் 3995 மில்லிமீட்டர், 1.2, 1.0 டர்போ இரண்டுமே 18-இல் வரும். பிரெஸ்ஸாவும் 4 மீட்டருக்குள்தான், ஆனால் 1462 சிசி என்பதால் 40. மாமா சொல்கிற பெரிய இன்ஜினுக்காக நீங்கள் கொடுப்பதில் நல்ல பங்கு வரியாகப் போகிறது, சக்கரத்துக்கு வருவதில்லை. பிரெஸ்ஸாவை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்து நாமக்கல் வரை போக அது வசதி, தலைக்கு மேல் இடம் நிறைய, ஏறி இறங்க மாமியாருக்கும் சுலபம். அந்தக் காரணத்துக்காக வாங்கினால் சரி. 1.5 என்ற எண்ணுக்காக வாங்காதீர்கள்.

கர்நாடக ரோடு டாக்ஸில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி விலை 5 முதல் 10 லட்சம் வரை 14 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 17, அந்த வரியின்மேல் செஸ் தனி. 9 லட்சத்து 90 ஆயிரம் வண்டிக்கு 1,38,600 ரூபாய் வரி. 10 லட்சத்து 10 ஆயிரம் என்றால் 1,71,700. வண்டி விலையில் 20 ஆயிரம் கூடினால் வரியில் 33 ஆயிரம் கூடுகிறது. டர்போ ஆட்டோமேட்டிக் இந்தக் கோட்டைத் தாண்டுகிற வண்டி, அதனால்தான் உங்கள் கொட்டேஷனில் வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. அம்மா வீட்டு முகவரியில் நாமக்கல்லிலேயே பதிவு செய்துவிடலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஓராண்டுக்கு மேல் இங்கே ஓடும் வண்டியின் பதிவை இங்கே மாற்றியாக வேண்டும் என்பது சட்டம், தினமும் மான்யதா போகிற வண்டிக்கு அந்த வம்பு வேண்டாம்.

இன்சூரன்ஸில் சின்ன இன்ஜினுக்கு ஒரு சின்ன லாபம். 2022 ஜூனில் வந்த தேர்டு பார்ட்டி கட்டணத்தின்படி புதுக் காருக்கு மூன்று வருஷத்துக்குச் சேர்த்து, 1000 சிசிக்குள் 6,521 ரூபாய், 1000 முதல் 1500 வரை 10,640. டர்போ 998 என்பதால் முதல் படியில் வரும், 1.2-வும் 1.5-உம் இரண்டாவது படி. நாலாயிரம் ரூபாய்க்காக இன்ஜினை முடிவு செய்ய மாட்டோம், இருந்தாலும் 1.2-வோடு ஒப்பிட்டால் சின்ன இன்ஜின் என்பதால் வருகிற நேரடி மிச்சம் இது ஒன்றுதான்.

ஏனென்றால் மைலேஜில் மிச்சமாகாது. கம்பெனி சொல்கிற கணக்கிலேயே 1.2 ஏஎம்டி லிட்டருக்கு 22.89, டர்போ ஆட்டோமேட்டிக் 20.01. இதெல்லாம் சோதனைக் கூடத்து எண், நம்ம ரிங் ரோட்டில் ஏஎம்டி 13 கொடுத்தால் டர்போ ஆட்டோமேட்டிக் பத்து, பத்தரை கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைவேயில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நீங்கள் 90-க்கு மேல் போகாதவரை. மாதம் ஊருக்குள் 500 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய பத்து லிட்டர் வித்தியாசம், ஆயிரம் ரூபாய். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது, எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் இரண்டு வண்டியிலுமே பழைய மைலேஜை எதிர்பார்க்க வேண்டாம். எட்டு வருஷம் வைத்திருப்பீர்கள் என்றால் எரிபொருளில் ஒரு லட்சம், வாங்கும்போது இரண்டரை லட்சம், ஆக டர்போவுக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது மூன்றரை லட்சம். மாதத்துக்குப் பிரித்தால் மூவாயிரத்து அறுநூறு ரூபாய் சொச்சம், லோன் வட்டி சேர்க்காமல். இதுதான் உண்மையான விலை. இந்தத் தொகையை மனசில் வைத்துக்கொண்டு டெஸ்ட் டிரைவுக்குப் போங்கள்.

டெஸ்ட் டிரைவ் என்றால் ஷோரூம் பையன் கூட்டிக்கொண்டு போகிற அந்த இரண்டு கிலோமீட்டர் சமதரை ரவுண்டு கிடையாது. சனிக்கிழமை காலை வேண்டாம், வேலை நாள் சாயங்காலம் போங்கள். வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொள்ளுங்கள், மாமியார் உட்பட. ஏசியை நன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள், சின்ன இன்ஜினில் கம்ப்ரஸர் ஓடும்போதுதான் சாயம் வெளுக்கும். நெரிசலில் பத்து நிமிஷம் ஊர்ந்து போங்கள், அதில் முட்டிக்கும் கழுத்துக்கும் எது ஒத்துவருகிறது என்று தெரியும். அப்புறம் ஒரு மேம்பால ஏற்றத்தின் அடியில் வண்டி நின்றுவிட்டால் அங்கிருந்து கிளப்பிப் பாருங்கள். ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கியதும் மெதுவாக மிதித்து, எத்தனை நேரத்தில் வண்டி பிடிக்கிறது என்று கவனியுங்கள். உங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவு செங்குத்தாக இருந்தால் அங்கேயும் ஒருமுறை ஏற்றிப் பார்க்கக் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும், பத்து லட்சம் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். இரண்டு வண்டியையும் ஒரே நாளில், ஒரே வழியில் ஓட்டுங்கள், இல்லையென்றால் முதல் வண்டியின் ஞாபகம் மங்கிவிடும்.

டர்போ செலவு வைக்குமா என்ற மாமாவின் பயத்துக்கு ஒரு பாதி நியாயம் உண்டு. டர்போ விசிறி நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேலே சுற்றுகிற சாமான். அந்த அச்சு நிற்பது ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல், அது தனி ஆயில் கிடையாது, இன்ஜினில் இருக்கும் அதே ஆயில். ஆயில் கெட்டால் முதலில் அடிபடுவது இங்கேதான். பழைய டர்போ வண்டி வாங்கலாமா என்று யாராவது கொண்டுவந்தால் நாங்கள் காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, டார்ச் அடித்து, விசிறியின் மூக்கை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்ப்போம். பக்கவாட்டில் இழை அளவு அசைவு இருக்கும், அது இருக்க வேண்டியதுதான். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கையின் ஓரம் உறையில் உரசிப் பளபளவென்று தெரிந்தாலோ, குழாயின் உள்ளே விரல் வைத்தால் கறுப்பாக ஆயில் ஒட்டினாலோ, அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் பார்க்கவே தேவையில்லை, ஆயில் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். ஒழுங்காக மாற்றிய வண்டியில் லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் விசிறி புதுசு மாதிரி நிற்கிறது. உங்களுக்குச் சொல்வது இவ்வளவுதான், கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலை மட்டும் போடுங்கள், கிலோமீட்டர் ஆகவில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். ரிங் ரோட்டில் மணிக்கணக்கில் நின்று ஓடுகிற வண்டிக்கு மீட்டர் காட்டுவதைவிட இன்ஜின் ஓடிய நேரம் நிறைய. என்னைக் கேட்டால் வருஷத்துக்கு ஒருமுறை கண்டிப்பாக, முடிந்தால் 7,500 கிலோமீட்டரிலேயே மாற்றுங்கள். இந்தப் பழக்கம் உங்களுக்கு வராது, சர்வீஸை எப்போதும் மறந்துவிடுவேன் என்றால் டர்போ வேண்டாம், 1.2 பொறுத்துப்போகும் இன்ஜின். விற்கும்போதும் 1.2 சீக்கிரம் கைமாறும், பழைய வண்டி வாங்குபவர்களில் பாதிப்பேர் உங்கள் மாமா மாதிரிதான் யோசிப்பார்கள்.

சரி, முடிவு. உங்கள் ஓட்டத்துக்கு, உங்கள் முட்டிக்கு, ஐந்து பேரோடு மலைக்கு என்று பார்த்தால் நான் 1.0 டர்போ ஆட்டோமேட்டிக் என்றுதான் சொல்வேன், அதிலும் பாதிக் காரணம் அந்த கியர்பாக்ஸ். ஆனால் ஒரு நிபந்தனை. மேலே சொன்ன கூடுதல் தொகை வீட்டுச் செலவைப் பிடித்து இழுக்காமல் இருக்க வேண்டும். அதற்காக ஏழு வருஷ லோனுக்குப் போகிற நிலை என்றால் 1.2 ஏஎம்டியைத் தயங்காமல் எடுங்கள், உங்கள் பழைய வண்டியைவிட அதுவும் நல்ல பலம்தான், இழுவை 90-க்குப் பதில் 113. கொல்லிமலையில் மட்டும் கியரை மேனுவல் பக்கம் தள்ளி, இரண்டாவதிலேயே வைத்து ஏறுங்கள், தானாக விட்டால் வளைவின் நடுவில் மூன்றாவதுக்குப் போய்த் திணறும். இறங்கும்போதும் அதே கியர்தான், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அடிவாரத்தில் தீய்ந்த வாசனை வரும். டர்போ எடுத்தாலும் இறக்கத்தில் இதேதான், அதில் ஸ்டியரிங் பின்னால் இருக்கும் பேடிலால் கியரைக் குறைக்கலாம். முக்கியமாக, அலுவலகத்துக்கு மெட்ரோ வசதி வந்து நீங்கள் தினசரி ஓட்டத்தை விட்டுவிடுவீர்கள் என்றால் வண்டிக்கு மிஞ்சுவது நாமக்கல்லும் மலையும் மட்டும்தான், அப்போது டர்போவின் பக்கம் தராசு இன்னும் சாயும், மைலேஜ் வித்தியாசமும் கரைந்துவிடும்.

கடைசிக் கேள்வி. அணைப்பதற்கு முன் ஓடவிடுவது பழைய டீசல் காலத்தில் வந்த பழக்கம், அதில் விஷயம் இல்லாமல் இல்லை. விசிறி கொதிக்கிற சூட்டில் இருக்கும்போது சட்டென்று அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுபோய், அச்சில் தங்கிய ஆயில் கருகும். ஆனால் மான்யதா பார்க்கிங்கில் ஊர்ந்துபோய் நிறுத்துகிற வண்டிக்கு அது தேவையே இல்லை, கேட்டிலிருந்து உங்கள் இடம் தேடிப் போவதற்குள்ளேயே ஆறிவிடும். கொல்லிமலை ஏறி நேராகக் கோயில் வாசலில் நிறுத்தும்போதும், ஹைவேயில் விரட்டிவந்து டீக்கடையில் ஒதுங்கும்போதும் மட்டும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணையுங்கள். பிள்ளைகள் செருப்பைத் தேடி எடுத்து இறங்குவதற்கு அவ்வளவு நேரம் எப்படியும் ஆகும்.